அண்ணன் இருக்கும் மேசை

“சோறா, பொயியா?”

கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்மணி வரிசையில் வருகிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் முதலில் கேட்கிறார். அறுபதைத் தாண்டியவர். காதோரம் ஒரு பிளுமேரியாப் பூ. சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் ‘ஆன்ட்டி’. ஒவாஹு தீவின் கிழக்கு ஓரம் இது. கோஓலாவ் மலைத்தொடர் கடலை நெருக்கிக்கொண்டு வருகிற இடத்தில், கமேஹமேஹா நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் தகரக்கூரைக் கடை. மலைமேல் மேகம் இறங்கியிருக்கிறது. மழை வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. யாரும் அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் வைகிகிக் கடற்கரையில் வெயில் காய்கிறவர்களுக்கு இந்த மழை தெரியாது. இங்கே தட்டில் விழுவதில் பாதி இதில் விளைந்தது.

பதிலைக் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. வாடகைக் காரில் வந்து இறங்குகிறவர்கள் ‘சோறு’ என்கிறார்கள், இல்லாவிட்டால் ‘பொயி என்றால் என்ன?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். காலில் சேற்றோடு வருகிறவர்கள் கேள்வி முடிவதற்குள் ‘பொயி’ என்று சொல்லிவிடுகிறார்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பையன், “பாதி பாதி, ஆன்ட்டி” என்றான். ஆன்ட்டி சிரித்துக்கொண்டே இரண்டையும் தாராளமாக வைத்தார்.

வாசலை ஒட்டிய மேசையில் ஒரு தம்பதி. அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வந்தவர்கள். இருவருக்கும் ஒரே துணியில் தைத்த பூப்போட்ட சட்டை. தைரியசாலிகள், பொயியே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அட்டைத் தட்டில் இலைப் பொட்டலமாக ஒரு லாவ்லாவ், பிய்த்துப் போட்ட காலுவாப் பன்றிக்கறி ஒரு குவியல், சின்னக் கிண்ணத்தில் தக்காளிச் சிவப்போடு லோமி சால்மன், ஓரத்தில் வெள்ளைச் சதுரமாக ஹாவ்பியா. மூடி போட்ட குவளையில் பொயி தனியே.

கணவர் முதலில் எடுத்தது அதைத்தான். பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வாயில் வைத்தார். சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம். கரண்டியிலிருந்து அவசரப்படாமல் இறங்குகிற பதம். எதையோ எதிர்பார்த்து அவர் முகம் கொஞ்ச நேரம் காத்திருந்தது. எதுவும் வரவில்லை. “சுவருக்குக் காகிதம் ஒட்டுகிற பசை” என்றார். பொயியைப் பற்றிப் பயணிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வாக்கியம் அது. ஒவ்வொருவரும் அதைத் தானே கண்டுபிடித்ததுபோலச் சிரிக்கிறார்கள். குவளையைத் தட்டுக்கு வெளியே தள்ளி வைத்தார்.

அடுத்த மேசையில் ஒரு பாட்டி, நடுவயது மகள், பேரன். பேரன் ‘டூட்டூ’ என்று அழைப்பது பாட்டியைத்தான். பாட்டி கரண்டியைத் தொடவில்லை. லோமி சால்மனில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். உடனே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பொயியில் விட்டு, ஒரு சுழற்று சுழற்றி, ஒட்டியதை அப்படியே வாயில் வாங்கிக்கொண்டார். அடுத்து பன்றிக்கறி, மறுபடி பொயி. உப்பு, சப்பு, உப்பு, சப்பு. பொயி இங்கே சோறு. வெறும் சோற்றை ஒரு வாய் தின்றுவிட்டு, ‘தமிழர் சமையலில் ருசியே இல்லை’ என்று ஒருவர் எழுந்து போனால் எப்படியோ, அப்படித்தான் வாசல் மேசைக்காரர் செய்தது. உப்பிட்ட மீனும் கொழுப்புள்ள கறியும் நாக்கை நிறைக்கும்போது அதைத் துடைத்து அடுத்த வாய்க்குத் தயார் செய்ய ஒன்று வேண்டும். அதற்கு ருசி தூக்கலாக இருந்தால் வேலை கெட்டுவிடும்.

பதத்தை விரல் கணக்கில் சொல்கிறார்கள். கெட்டியாக இருந்தால் ஒரு விரலே போதும். நீர்க்க இருந்தால் இரண்டு, இன்னும் நீர்த்தால் மூன்று. பாட்டியின் குவளை இரண்டு விரல் பதம். புளிப்பிலும் கட்சிகள் உண்டு. அன்றைக்கு இடித்தது லேசாக இனிக்கும். இரண்டு மூன்று நாள் வெளியே இருந்தால் தயிர்போலப் புளித்துவரும். சிலருக்குப் புளித்தால்தான் இறங்கும். கைக்குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டுவதும் பொயிதான்.

மகளுக்கும் பேரனுக்கும் ஏதோ வாக்குவாதம். கைப்பேசி பற்றி என்று தெரிந்தது. பையன் குரலை உயர்த்தினான், அம்மாவும் உயர்த்தினாள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் முன்னால் மூடியபடி இருந்த பொயிக் குவளையை இழுத்து, மூடியைக் கழற்றி, மேசை நடுவில் வைத்தார். பேச்சு நின்றுவிட்டது. பையன் முறைப்போடுதான் சாப்பிட்டான், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு மூத்தவர் முன்னால் சண்டை போடக் கூடாது. பொயிக் கிண்ணம் திறந்திருந்தால் மூத்தவர் அங்கே இருக்கிறார் என்று பொருள். ஹவாய் மக்களின் தொல்கதையில் வானத் தந்தை வாக்கேயாவுக்கும் ஹோஓஹோக்கூகலானிக்கும் முதலில் பிறந்த குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. வீட்டுப் பக்கத்தில் புதைத்தார்கள். புதைத்த இடத்தில் ஒரு செடி முளைத்தது. காற்றில் நடுங்கும் அகன்ற இலை, நீண்ட தண்டு. அதுதான் காலோ; அதன் கிழங்கை இடித்ததுதான் பொயி. இரண்டாவதாகப் பிறந்த ஹாலோவா உயிரோடு பிறந்தான். மனிதர்கள் அவன் வழி வந்தவர்கள். ஆக, செடி அண்ணன், மனிதன் தம்பி. அண்ணன் சோறு போடுவான், தம்பி அண்ணனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பந்தத்தின்மேல்தான் ஒரு நாகரிகமே நின்றது.

காலோ வேறொன்றுமில்லை, நம் வீட்டுச் சேப்பங்கிழங்கு. அதே இனம். ஆசியாவிலிருந்து தீவு தீவாகக் கைமாறி, பாலினேசிய மாலுமிகளின் இரட்டைத் தோணிகளில் பசிபிக்கைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தது. கூடவே தென்னை, வாழை, கரும்பு, ஈரப்பலா, மஞ்சள்கூட வந்தன. நாம் அதை வறுத்து, புளிக்குழம்பில் போட்டு, தொடுகறியாக நிறுத்திவிட்டோம். இவர்கள் அரியணையில் ஏற்றினார்கள். ஒரு காலத்தில் இங்கே சுமார் 300 வகை இருந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது எஞ்சியிருப்பது அதில் சிறு பங்குதான்.

கடையின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் சப்தம் வருகிறது. ஓர் இளைஞன் நடுவில் குழிந்த மரப்பலகையின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். கையில் எரிமலைக் கல்லில் செதுக்கிய குழவி. அடி அகன்று, பிடி குறுகியது. அவித்துத் தோலுரித்த கிழங்குகள் பக்கத்தில். ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து நசுக்குகிறான். கல்லின் அடியில் தண்ணீர் தடவிக்கொண்டு அடிக்கிறான். ஈரக்கல் மாவில் விழுந்து எழும்போது ஒரு முத்தச் சத்தம். நாலு அடி, ஒரு மடிப்பு, ஒரு திருப்பு. முன்னால் நின்று படம் எடுப்பவர்களை அவன் கவனிப்பதில்லை. கட்டியெல்லாம் கரைந்து மாவு பளபளவென்று உருண்டு திரண்டதும் அதை இலையில் பொதிந்தான். தண்ணீர் சேராத இந்த உருண்டைக்குப் பெயர் பாய்ஆய். பல நாள் கெடாது. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பொயி.

ஒரு சிறுமி தொட்டுப் பார்க்க விரும்பினாள். அவள் அப்பா தயங்கினார். இளைஞன் ஒரு விள்ளல் பிய்த்து அவள் கையில் வைத்தான். அவள் மென்றுகொண்டே இன்னொரு கையையும் நீட்டினாள்.

கையால் இடித்த இந்த உருண்டையை விற்பது முன்பு சட்டச் சிக்கலாக இருந்தது. மரப்பலகை, நுண்துளை உள்ள கல், வெறும் கை. சுகாதார விதிகள் இவை எதையும் ஏற்கவில்லை. தீவின் மிகப் பழைய சமையல் முறை, தீவிலேயே விற்பனைக்குத் தகுதியற்றதாகிவிட்டது. இளைஞர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு சட்டமன்றத்துக்குப் போய் இடித்துக் காட்டினார்கள். 2011-இல் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கும் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் இன்னொரு சண்டையும் நடந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகம் ஒட்டுச்சேர்க்கையில் உருவாக்கிய மூன்று காலோ வகைகளுக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. அண்ணனுக்கு யார் பட்டா போடுவது என்று விவசாயிகளும் மாணவர்களும் திரண்டார்கள். 2006-இல் பல்கலைக்கழகம் அந்த உரிமையைக் கைவிட்டது. நம் ஊரில் மஞ்சளுக்கும் பாசுமதிக்கும் நடந்த வழக்குகளை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தாழ்வாரத்தின் கோடியில் நின்றால் வயல் தெரிகிறது. லோஇ என்கிறார்கள். வரப்பு கட்டிய சேற்று வயல், முழங்கால் உயரத்துக்கு மேல் இதய வடிவ இலைகள். தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடத்தான் வேண்டும். தேங்கிச் சூடேறினால் கிழங்கு அழுகிவிடும். குளிர்ந்த ஓடைநீர் மேலேயிருந்து வந்து, வயல்களைச் சுற்றி, மறுபடி ஓடையில் சேர வேண்டும். ஒரு விவசாயி இடுப்பளவு இலைகளுக்குள் குனிந்து செடியைப் பிடுங்குகிறார். கிழங்கை அறுத்தெடுத்துவிட்டு, தண்டின் அடியை ஒரு விரற்கடைக் கிழங்கோடு தனியே வைக்கிறார். அதுதான் அடுத்த நாற்று. விதை கிடையாது. தாத்தா நட்ட செடியைத்தான் பேரனும் நடுகிறான்.

இந்தத் தண்ணீருக்கும் ஒரு கதை உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பக்கம் பொயி சாப்பிடுவது பாதிச் சாப்பாடு. மலைக்கு அந்தப் பக்கச் சமவெளி வறண்டது. அங்கே கரும்பு போட்ட கம்பெனிகளுக்கு இந்தப் பக்கத்து மழையின்மேல் கண். 1913-இல் தொடங்கி 1916-இல் முடித்த வையாஹோலேக் கால்வாய், மலையைக் குடைந்து இங்குள்ள ஓடைகளின் நீரை அங்கே கொண்டுபோனது. ஓடை மெலிந்தது, காலோ வயல்கள் சுருங்கின. 1995-இல் அந்தக் கரும்பாலை மூடியது. இனி தண்ணீர் யாருக்கு? அந்தப் பக்கம் நகரமும் கோல்ஃப் மைதானங்களும் வளர்ந்துவிட்டன. இந்தப் பக்கத்து விவசாயிகள் விடவில்லை. வழக்கு ஹவாய் உச்ச நீதிமன்றம்வரை போனது. நீர் பொதுமக்களின் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்ற தீர்ப்பு 2000-இல் வந்தது. நீரில் ஒரு பங்கு ஓடைகளுக்குத் திரும்பியது. ஒரு குவளை பொயி ஏன் அவ்வளவு விலை என்று கவுண்டரில் முணுமுணுத்த ஒருவரைப் பார்த்தபோது, ஆன்ட்டி இந்தக் கதையைச் சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வாசல் மேசையில் இப்போது லாவ்லாவ். மனைவி கட்டை அவிழ்க்கிறாள். வெளியே சுற்றியிருப்பது கீ இலை. நம் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கிற கார்டிலைன் செடியின் இலை. நீளமானது, வழவழப்பானது, நாராக இருக்கும். உள்ளே காலோ இலைகள் அடுக்கடுக்காக, அவற்றுக்குள் கொழுப்போடு பன்றிக்கறித் துண்டுகள், கூட ஒரு துண்டு உப்பு மீன். மணிக்கணக்காக ஆவியில் வெந்து, காலோ இலை கறுத்த பச்சையில் குழைந்து போயிருக்கிறது. அது குழைந்தே ஆக வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் தொண்டையில் ஊசி குத்தும். சேம்பின் அரிப்பை நாம் புளி ஊற்றி அடக்குகிறோம்; இவர்கள் நேரத்தைச் செலவழித்து அடக்குகிறார்கள்.

மனைவி வெளியிலையையே கத்தியால் அறுக்கத் தொடங்கினாள். அறுபடவில்லை. ஒரு முனையைப் பிய்த்து வாயில் வைத்து மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். பாட்டி பார்த்துவிட்டார். பக்கத்து மேசைக்குப் பாடம் நடத்துகிற முகம் அவருக்கு இல்லை. தம் பொட்டலத்தை எடுத்து, அவளுக்குத் தெரிகிறமாதிரி சற்றுத் தள்ளி வைத்து, காம்பைப் பிடித்து, இலையை ஒவ்வொன்றாக மெதுவாக விரித்தார். வெளியிலையைச் சுருட்டித் தட்டுக்கு வெளியே வைத்தார். உள்ளிலையைக் கறியோடு கிள்ளி எடுத்தார். பொயியில் விரலை விட்டார். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே கத்தி கீழே வைக்கப்பட்டது, வெளியிலை ஓரங்கட்டப்பட்டது. கொஞ்ச நேரத்தில், கணவர் தள்ளிவைத்த பொயிக் குவளையும் மனைவியின் பக்கம் நகர்ந்தது.

கழுத்தில் கேமராவோடு ஓர் இளைஞன் கவுண்டரில் நிற்கிறான். “இதில் எது அசல் ஹவாய்ச் சாப்பாடு? கலப்பில்லாதது?” ஆன்ட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “கண்ணு, பிப்பிகாவ்லா தீரப்போகுது. வேணுமா?”

நல்ல பதில். அவன் தேடுவது அந்தத் தட்டில் முழுசாகக் கிடைக்காது. லோமி சால்மனையே எடுத்துக்கொள்வோம். உப்பிட்ட சால்மனைக் கையால் பிசைந்து, தக்காளி, வெங்காயம் சேர்த்து, சில்லிட்டுக் கொடுப்பது. இது இல்லாத ஹவாய் விருந்து கிடையாது. ஆனால் ஹவாய்க் கடலில் சால்மன் மீனே இல்லை. 1830-களில் ஹட்சன் பே கம்பெனிக் கப்பல்கள் வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளிலிருந்து பீப்பாய் பீப்பாயாக உப்பு சால்மனை ஹொனலுலுவில் இறக்கின. தக்காளியும் வந்தேறிதான். பிப்பிகாவ்லா உப்பும் சோயாவும் தடவி உலர்த்திய மாட்டிறைச்சி. நம் உப்புக்கண்டத்தின் சகோதரம். மாடு இந்தத் தீவுகளில் கால் வைத்தது 1793-இல், கப்பல் தலைவர் வான்கூவர் அரசர் கமேஹமேஹாவுக்குப் பரிசாகக் கொடுத்தபோது. கொல்லக் கூடாது என்று அரசர் தடை போட, மந்தை பெருகிக் காடுமேடெல்லாம் அலைந்தது. அதை அடக்க மெக்சிகோ மாட்டுக்காரர்கள் 1830-களில் வந்தார்கள். சிக்கன் லாங் ரைஸ் என்ற கண்ணாடிச் சேமியாக் குழம்பு, கரும்புத் தோட்டங்களுக்கு 1852 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த சீனர்களின் வழி. அதில் அரிசி ஒரு மணிகூட இல்லை, பாசிப்பயற்றுச் சேமியாதான்.

இருந்தும் இவை ஹவாய்ச் சாப்பாடுதான். வந்ததையெல்லாம் இந்த ஊர் பொயிக்குத் தொட்டுக்கொள்ளத் தோதாக உப்பேற்றி, பிசைந்து, நனைத்து, தன்னுடையதாக்கிக்கொண்டது. கேமரா இளைஞன் பிப்பிகாவ்லா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். முதல் கடிக்குப் பிறகு கேமராவைக் கழற்றிக் கீழே வைத்தான்.

பாட்டி காலுவாப் பன்றிக்கறியின் கடைசி விள்ளலை முடித்துவிட்டு ஹாவ்பியாவுக்கு வருகிறார். தேங்காய்ப்பாலை மாவோடு காய்ச்சி உறையவைத்து, கத்தியால் சதுரம் போட்டது. முன்பு பியா என்ற கிழங்கின் மாவு, இப்போது சோளமாவு. அவருடைய முப்பாட்டிகளில் ஒருத்தி இந்த இரண்டையும் தொட்டிருந்தால் உயிர் போயிருக்கலாம். பன்றி, தேங்காய், வாழைப்பழத்தில் பெரும்பாலான வகைகள், சில மீன்கள் பெண்களுக்கு விலக்கு. ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் உட்காரவும் கூடாது. சமைப்பது, பொயி இடிப்பது எல்லாம் ஆண்கள் வேலை. அடுப்பும் இரு பாலாருக்கும் தனித்தனி. 1819 மே மாதம் கமேஹமேஹா இறந்தார். அந்த நவம்பரில், அவருடைய மனைவியரான காஅஹுமனு, கெயோப்புவோலானி இருவரின் வற்புறுத்தலில், இளம் அரசர் லிஹோலிஹோ ஒரு விருந்தில் எழுந்து போய்ப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். வானம் இடிந்து விழவில்லை. விலக்கு முறையே அதோடு சரிந்தது. கிறிஸ்தவப் போதகர்களின் கப்பல் வந்தது அடுத்த ஆண்டுதான். அதற்குள் இவர்களே முடித்துவிட்டார்கள். ஒரு வாய்ச் சோற்றால் ஒரு சமூகச் சட்டம் உடைந்த கதை உலகத்தில் அதிகம் இருக்காது. சமபந்திக்காகப் போராடிய நாட்டிலிருந்து வருகிறவனுக்கு அந்த ஹாவ்பியாத் துண்டைச் சும்மா பார்க்க முடியவில்லை.

காலுவாப் பன்றியை வேகவைப்பதைக் கடையில் பார்க்க முடியாது. அதற்கு வார இறுதியில் யார் வீட்டுப் பின்புறத்துக்காவது போக வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு முந்தைய நாள், வேலிக்கு இப்பால் நிற்க இடம் கிடைத்தது. தரையில் இடுப்பாழக் குழி. அடியில் கியாவே விறகு, மேலே நுண்துளை உள்ள எரிமலைக் கற்கள். வழவழத்த ஆற்றுக்கல் கூடாது, சூட்டில் வெடித்துவிடும். விறகு எரிந்து அடங்கி, கற்கள் பழுக்கக் காய்ந்ததும், பிளந்த வாழைத்தண்டுகளை அதன்மேல் பரப்பினார்கள். உஸ்ஸென்று ஆவி எழுந்தது. அதன்மேல் கீ இலைகள், அதன்மேல் உப்பு தேய்த்த முழுப் பன்றி. அதன் வயிற்றுக்குள்ளும் சூடான கற்கள். மறுபடி இலை, நனைத்த கோணிச் சாக்கு, மேலே மண். ஆவி கசிகிற இடமெல்லாம் ஒருவர் மண்வெட்டியால் அடைத்துக்கொண்டே வந்தார். வேறு மசாலா கிடையாது. உப்பு, இலை, புகை. மறுநாள் திறந்தபோது எலும்பை உருவினால் கறி தானாக விழுந்தது.

கியாவே நமக்குத் தெரிந்த ஆள்தான். சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. 1828-இல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஹொனலுலுவில் நட்ட ஒற்றை மரத்திலிருந்து தீவுகளெங்கும் பரவியது. செருப்பைத் துளைக்கிற முள்ளும் அப்படியே. இங்கேயும் திட்டுகிறார்கள், ஆனால் பன்றிக்குழிக்கு அதைவிட்டால் வேறு விறகில்லை என்றும் சொல்கிறார்கள்.

வைகிகியில் மாலைதோறும் நடக்கும் லூஆவ் விருந்துகளிலும் குழி திறப்பு உண்டு. சங்கு ஊதுவார்கள், தீப்பந்தம் சுழலும், ஒலிபெருக்கியில் விளக்கம் வரும். தலைக்கு நூறு டாலருக்கு மேல். அதைப் பழிக்க மாட்டேன். ஆட்டம் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த மேசையில் பொயி சின்னக் கிண்ணத்தில் ஒரு வேடிக்கைப் பொருள். விளக்கம் சொல்பவரே அதை வைத்து ஜோக் அடிப்பார்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பச்சை மீன் துண்டுகளில் செய்யும் போக்கே உலகமெல்லாம் பரவிவிட்டது. மாம்பழமும் மயோனைஸும் சேர்த்துக் கிண்ணத்தில் விற்கிறார்கள். இங்கே அதற்கென்று போக வேண்டிய இடம் சாதாரண சூப்பர்மார்க்கெட்டின் மீன் கவுண்டர். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத்தட்டாக இருக்கும். எடை போட்டு வாங்குகிறார்கள். வேலை முடிந்து வந்த ஒருவர் ருசிக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கி மென்று, தலையசைத்து, ‘அரைப் பவுண்டு’ என்கிறார். பழைய முறையில் பச்சை மீன், உப்பு, லிமு என்ற கடற்பாசி, இனமோனா. இவ்வளவுதான். இனமோனா என்பது குக்குயிக் கொட்டையை வறுத்து உப்போடு இடித்த பொடி. வறுக்காமல் தின்றால் வயிறு போகும். வறுத்தால் கசப்பும் எண்ணெய்மையுமாக மீனைத் தூக்கிவிடும். சோயாவும் நல்லெண்ணெயும் பிறகு வந்தவை.

அதே கவுண்டரில் ஓப்பிஹி சின்னப் புட்டிகளில், யானை விலையில். அலை அறையும் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கடல்நத்தை. ஒரே நெம்பில் எடுக்காவிட்டால் இறுக்கிக்கொள்ளும். கடலுக்கு முதுகைக் காட்டி அதை நெம்பியவர்களை அலை கொண்டுபோயிருக்கிறது. ஓடு ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

விலையே இல்லாத ஒன்றும் உண்டு. கவாய்த் தீவின் ஹனபேப்பேயில் சில குடும்பங்கள் தலைமுறைகளாக உப்பளம் காக்கின்றன. கோடையில் மண்பாத்திகளில் கடலோரக் கிணற்று நீரை ஊற்றிக் காயவைத்து எடுக்கும் உப்பு அது. செம்மண் கலந்த சிவப்பும் அதில் உண்டு. அதை விற்பதில்லை. கொடுப்பார்கள், அல்லது பண்டமாற்றுச் செய்வார்கள். பையில் அடைத்து ‘ஹவாய்ச் சிவப்பு உப்பு’ என்று விமான நிலையத்தில் தொங்குவது அந்த உப்பு அல்ல.

கடைக்குத் திரும்பினால், கூட்டம் குறைந்திருக்கிறது. ஆன்ட்டி ஒரு பலகையில் ‘லாவ்லாவ் தீர்ந்தது’ என்று எழுதி மாட்டுகிறார். பேரனுக்குக் குலோலோ வந்திருக்கிறது. துருவிய காலோவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து மணிக்கணக்காக அவித்தது. பழுப்பு நிறம், அல்வாவின் இழுவை. சூடான குலோலோவின் மேல் தேங்காய் ஐஸ்கிரீம் உருகி வழிகிறது. அம்மாவின் பக்கம் ஒரு கரண்டி நீட்டுகிறான், கைப்பேசிச் சண்டை முடிந்துவிட்டது போலும். பூப்போட்ட சட்டைக்காரர் சோறு வாங்கிச் சாப்பிட்டு முடித்தார். பொயியைக் கடைசிவரை மறுபடி தொடவில்லை. மனைவி குவளையை வழித்துவிட்டு, மிச்சமிருந்த லோமி சால்மனுக்காக இன்னொரு பொயி வாங்கப் போனாள். இருந்தது.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். பொயியைத் தனியே ருசி பார்க்காதீர்கள். லோமி சால்மனோ பன்றிக்கறியோ வாயில் இருக்கும்போது எடுங்கள். கரண்டி வேண்டாம், நமக்கு விரல் பழக்கம் இருக்கிறது. லாவ்லாவின் வெளியிலையைத் தின்னாதீர்கள், உள்ளிலையை மிச்சம் வைக்காதீர்கள். சைவக்காரர்களுக்கு பாய்ஆய், ஈரப்பலா, சர்க்கரைவள்ளி, ஹாவ்பியா, குலோலோ போதும், வயிறு நிறையும். காலோ இலையைத் தேங்காய்ப்பாலில் குழைத்த கூட்டும் கிடைக்கும், ஆனால் அதில் கணவாயோ கோழியோ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். லூஆவ் மேடைக்கு ஒருவர் கட்டுகிற பணத்தில் இந்த மாதிரிக் கடையில் ஒரு குடும்பமே சாப்பிடலாம். மதியம் தாண்டிப் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். பதினொரு மணிக்கே வரிசையில் நில்லுங்கள்.